புளித்த இரத்தம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாட்டுப் பொங்கலின் மறுநாட் காலையில், என் மாமா வீட்டுக் கொட்டிலில் நின்ற சிவலைப் பசு, பெயர் சொல்லி அழைத்தும் தலை நிமிராமலும், வழக்கம்போல் அசை போடாமலும், இடது விலாப்புறம் புடைத்து, நெடுந்தூரம் ஓடிவந்த குதிரையைப்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அதற்கு மாலையிட்டுப் பொட்டு வைத்து வணங்கியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஊட்டிய பொங்கற் சோற்றின் மொத்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. அவரவர் கொடுத்த கவளத்தை மட்டுமே அவரவர் அறிவார். அழைத்தவுடன் வந்த கால்நடை மருத்துவர், வயதில் இளையவர், விலாவில் குழலை வைத்துச் சற்று நேரம் கேட்டுவிட்டு, அடுக்களையில் சமையற் சோடா இருக்கிறதா என்று வினவினார்.

“ஆப்பத்துக்குப் போடுற சோடாவா, டாக்டர்? ஊசி ஒண்ணும் இல்லீங்களா?” என்றார் மாமா, சிறிது ஏமாற்றத்துடன்.

“ஊசியும் போடுவோங்க ஐயா. ஆனா வயித்துக்குள்ள புளிச்சுக் கெடக்குற சோத்தை முதல்ல கவனிக்கணும். அதை அப்படியே விட்டுட்டு ரத்தத்துக்கு மருந்து குடுத்தா, அடுப்பை எரிய விட்டுட்டுப் பொங்குற பால்ல தண்ணி தெளிச்ச கதைதான்.”

வாய்வழியே அவர் செலுத்திய ரப்பர்க் குழாயினூடே முதலில் வெளிவந்த சாம்பல் நிறக் கூழில், மூன்று நாள் பட்ட இட்லி மாவின் வாசனை வீசியது. அதில் கூடியமட்டும் வடித்த பிறகே சோடாக் கரைசலை உள்ளே ஊற்றினார். பசு பிழைத்துக்கொண்டது. அன்று அவர் போகிறபோக்கில் சொல்லிய அந்த உவமை, மனித வைத்தியத்தில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகத் தீராதிருக்கும் ஒரு வழக்கின் நடுப்புள்ளியைத் தொடுகிறது என்பது பின்னாளில் இத்துறை நூல்களைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கிற்று.

பசுவின் முதல் இரைப்பையில் வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்லச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்க் கூட்டமானது, திடீரென்று வந்து குவியும் மாவுப் பொருளைக் கண்டவுடன் தன் சமநிலை குலைந்து, அவற்றுள் லாக்டிக் அமிலத்தை ஆக்கும் இனங்கள் மட்டும் தலைதூக்கிப் பெருகிவிட, அவ்வமிலம் இரைப்பையின் சுவரைக் கடந்து இரத்தத்திலும் கலந்துவிடுகிறது. தயிரின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலந்தான். மனிதரிடத்தில் காரணங்கள் வேறு: கிருமி நஞ்சு இரத்தத்திற் பரவி நாடி தளர்ந்தவரிடத்தும், பேருதிரப்போக்கு நேர்ந்தவரிடத்தும், பிராணவாயு போதாமல் திசுக்கள் திணறும்போது இந்த லாக்டிக் அமிலம் திரள்கிறது, நீரிழிவு முற்றியவரிடத்துக் கீட்டோன் அமிலங்கள் சேர்கின்றன, வாந்திபேதியில் உடம்பின் காரச்சத்தே குடல் வழியாக வெளியேறிவிடுகிறது. இவையனைத்தையும் சேர்த்து மருத்துவர்கள் ‘மெடபாலிக் அசிடோசிஸ்’ என்பார்கள். நாம் அமிலப் பெருக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

புளித்த இரத்தம் என்று நான் மகுடமிட்டது, உண்மையைச் சொன்னால், ஒரு பிழையே. தமனி இரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரையிலான ஓர் ஒடுங்கிய வரம்புக்குள் நிற்பது, அது 7.1 ஆக இறங்கினால் வைத்தியர்கள் பதறுகிறார்கள், 6.8 என்பது உயிர் தரித்திருப்பதற்கு ஏறத்தாழக் கடைசிப் படி. ஆனால் உடற்சூட்டில் தூய நீரின் நடுநிலை அளவே 6.8தான். ஆகவே அமிலத்தால் மாண்டவனின் இரத்தங்கூடப் பெரும்பாலும் காரமாகவோ நடுநிலையிலோதான் இருக்கிறது. புளிப்பு என்பது அதன் போக்கைக் குறிக்குமேயன்றி நிலையைக் குறிப்பதன்று. இவ்வளவு நுட்பமான காவல் எங்ஙனம் நடைபெறுகிறதென்பதை 1955 இல் ஸ்வான், பிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாய்களில் அளந்து காட்டினார்கள். சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட நாயின் உடல்நீரில் ஒரு லிட்டருக்கு 14 மில்லிமோல் வீதம் அவர்கள் அமிலத்தைச் செலுத்தியபோது, பி.எச். 7.44 இலிருந்து 7.14 ஆக மட்டுமே இறங்கிற்று. கணக்காய்ச் சொன்னால், உள்ளே போன ஒரு கோடியே நாற்பது லட்சம் நானோமோல் ஹைட்ரஜன் அயனிகளுள், லிட்டருக்கு 36 மட்டுமே இரத்தத்தில் கட்டற்ற நிலையில் மிகுதியாகத் தென்பட்டன! மற்றவற்றை இரத்தத்திலுள்ள பைகார்பனேட்டும், புரதங்களும், உயிரணுக்களின் உட்புறமும், எலும்பும் விழுங்கிவிட்டன. அதிலும் பாதிக்கு மேற்பட்டது உயிரணுக்களின் உள்ளே சென்று ஒடுங்கியது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது வேலை செய்யப்போகிறது.

அமிலத்துக்குக் காரம் மாற்று என்பது அடுக்களையிலேயே தெரிந்த நியாயம். அதை உயிருள்ள பிராணியின் மீது முதன்முதலில் முறையாகச் சோதித்தவர்களுள் ஒருவர் ஃபிரீட்ரிஷ் வால்ட்டர் என்ற ஜெர்மானியர். ஸ்ட்ராஸ்பூர்கில் மருந்தியலின் பேராசான் ஷ்மீடபெர்கின் ஆய்வுக்கூடத்தில் செய்து 1877 இல் அவர் வெளியிட்ட சோதனையில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வயிற்றினுள் பெற்ற முயல்கள் மூச்சிரைத்து, நடுங்கி, சாய்ந்து மாண்டன; ஆயினும் கடைசி மூச்சை எட்டிக்கொண்டிருந்த முயலின் சிரையில் சோடியம் கார்பனேட்டைச் செலுத்தினால் அது எழுந்து நடமாடியது. இத்தனை தெளிவான வெற்றி வைத்திய சாஸ்திரத்தில் எப்போதாவது ஒருமுறைதான் கிட்டும். ஆனால் வால்ட்டர் நாய்களுக்கும் அதே முறையில் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார், அவை சாகவில்லை. மாமிசம் தின்னும் நாய், தன் உடம்பில் விளையும் அம்மோனியாவைக் கொண்டே அமிலத்தைத் தணித்துக்கொண்டுவிடுகிறது. தழை தின்னும் முயலுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. ஒரே அமிலம், ஒரே ஆய்வுக்கூடம், ஒரே கை. பிராணி மாறியதும் முடிவு மாறிற்று. முயலை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பியவன் என்னென்ன எழுதியிருப்பான் என்று நான் சில வேளை எண்ணிப்பார்ப்பதுண்டு.

முயலின் வெற்றி மனிதரிடத்து வருவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. நீரிழிவு மயக்கத்தில் வீழ்ந்தவர்கள் ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சுவிடும் விசித்திரத்தை 1874 இல் குஸ்மௌல் வர்ணித்திருந்தார். அது அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடம்பு செய்யும் பெருமுயற்சி. எங்கள் சிவலைப் பசு செய்ததும் அதுவே. அந்நோயாளிகளின் மூத்திரத்தில் அமிலம் மிகுந்திருப்பதைக் கண்ட ஷ்டாடெல்மான், இம்மயக்கமும் வால்ட்டரின் முயல் பட்ட பாடும் ஒன்றே என்று துணிந்து, சிரை வழியே காரம் செலுத்தலாம் என 1883 இல் யோசனை கூறினார். செய்தார்கள். சிலர் சற்றே கண் விழித்தார்கள், பெரும்பாலோர் மீளவில்லை. குற்றம் சோடாவினுடையதன்று. முயலின் வயிற்றில் அமிலத்தை ஊற்றிய கை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. நீரிழிவு நோயாளியின் கல்லீரலோ நிமிடந்தோறும் புதிய அமிலத்தை ஆக்கிக்கொண்டேயிருந்தது. எரிவதை இழுத்தால்தான் கொதிப்பது அடங்கும். அந்தக் கொள்ளியை இழுக்கும் இன்சுலின் 1922 வரையில் மனிதருக்குக் கிட்டவில்லை.

அமிலப் பெருக்கத்துக்கான மருந்துகளைப் பிராணிகளில் சோதிக்கும் கலையின் இடர்ப்பாடெல்லாம் இந்த ஓரிடத்தில்தான் முடிச்சிட்டுக் கிடக்கிறது. பிராணிக்கு அந்நோயை எவ்வாறு உண்டாக்குவது? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ லாக்டிக் அமிலத்தையோ சிரைக்குள் சொட்டுச் சொட்டாக விடலாம்; அளவு கைக்குள் நிற்கும், ஆனால் அது விருந்தாளியாய் வந்த அமிலமேயன்றி வீட்டில் விளைந்ததன்று. இரத்தத்தை வடித்து அதிர்ச்சியை உண்டாக்கலாம். பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்யலாம். முன்பு நீரிழிவுக்கு வழங்கி, லாக்டிக் அமிலப் பெருக்கத்தை விளைவித்ததனாலேயே பல நாடுகளில் கைவிடப்பட்ட ஃபென்ஃபார்மினைக் கொடுத்தும் பார்க்கலாம். இவை நோய்க்கு இன்னும் நெருங்கியவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய். முதல் வகைச் சோதனையில் எந்தக் காரமும் வெற்றி பெறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. வெளியிலிருந்து ஊற்றியதை வெளியிலிருந்து ஊற்றியே அணைத்துவிடலாமன்றோ!

இத்தகைய சோதனை நடக்கும் அறையை வாசகர் மனக்கண்ணில் ஒருமுறை பார்க்கவேண்டும். மேசைமேல் மயக்க மருந்தால் உறங்கும் பன்றி. அதன் மூச்சுக்குழலில் செருகிய குழாய் வழியே யந்திரம் காற்றை ஊதி உறிஞ்சுகிறது. கழுத்துத் தமனியில் ஒரு நுண்குழாய் இரத்த அழுத்தத்தைத் திரையில் மலைத்தொடர் போல வரைகிறது. இருதயத்தை எட்டும் இன்னொரு குழாய் அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டரை வெளித்தள்ளுகிறதென்று அறிவிக்கிறது. குறித்த இடைவெளிதோறும் உதவியாளர், இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் தடவிய சிறு பீச்சாங்குழலில் சில துளி இரத்தத்தை எடுத்து, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழைத் தட்டி வெளியேற்றி (ஒரு குமிழே அளவையைப் பொய்யாக்கிவிடும்), உடனே யந்திரத்துக்கு ஊட்டுவார். ஓரிரு நிமிடத்தில் ஒரு காகிதத் துண்டு வெளிவருகிறது: பி.எச்., கரியமில வாயு, பைகார்பனேட், லாக்டேட் (லாக்டிக் அமிலம் இரத்தத்தில் நிற்கும் வடிவம்). எலியைக் கொண்டு இதைச் செய்தால் செலவு குறையும். ஆனால் கால் கிலோ எடையுள்ள எலியின் உடம்பிலிருக்கும் இரத்தமெல்லாம் சேர்ந்து ஒரு சிறு தேநீர்க் குவளையின் அடியை மட்டுமே நிறைக்கும். திரும்பத் திரும்ப எடுத்தால் எடுப்பதே ஒரு நோயாகிவிடும்.

இவ்விடத்தில் சட்டத்தின் கோரிக்கையும் ஆராய்ச்சியின் கோரிக்கையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதா கொணர்ந்து விடாப்பிடியாகப் போராடியதன் பயனாக 1960 இல் நிறைவேறிய பிராணிவதைத் தடுப்புச் சட்டம், சோதனைகளைத் தடைசெய்யாவிட்டாலும், அறுவை சார்ந்தவற்றைக் கூடியமட்டும் மயக்க மருந்தின் கீழ்ச் செய்யவேண்டுமென்றும், சிறு பிராணியில் அறியக்கூடியதைப் பெரும் பிராணியில் செய்வதைத் தவிர்க்கவேண்டுமென்றும் விதிக்கிறது. அதற்கு முந்திய ஆண்டில் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் எழுதிய நூலும் இதே நெறியைப் பேசிற்று. நியாயமான விதிதான்; நான் அதன் பக்கமே நிற்பவன். ஆனால் அதே மயக்க மருந்து இருதயத்தின் வேகத்தையும் நாளங்களின் இறுக்கத்தையும் தளர்த்திவிடுகிறது. யந்திரம் கரியமில வாயுவைத் தாராளமாக வெளியேற்றிவிடுகிறது. மேசைமேலிருப்பது பெரும்பாலும் நோய்நொடி அறியாத இளம் பன்றி. படுக்கையில் இருப்பவரோ எழுபது வயதினர், நீரிழிவும் நைந்த சிறுநீரகமும் உள்ளவர்.

நிற்க. காரம் கொடுத்தால் நன்மை என்ற நம்பிக்கையைக் குலைத்ததும் பிராணிகளே. 1985 இல் கிராஃப், லீச், ஏரீஃப் என்ற கலிபோர்னிய ஆராய்ச்சியாளர்கள், நாய்களைப் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி, சிலவற்றுக்குச் சமையற் சோடாவாகிய சோடியம் பைகார்பனேட்டும், சிலவற்றுக்கு வெறும் உப்புநீரும் கொடுத்து, சிலவற்றுக்கு ஒன்றும் கொடாமல் விட்டுப் பார்த்தார்கள். மூன்று கூட்டத்திலும் பி.எச். ஒரே வேகத்தில் இறங்கிற்று. பைகார்பனேட் பெற்ற நாய்களில் லாக்டேட் மற்றவற்றைவிட அதிகமாய் ஏறியது. இரத்த அழுத்தமும் விழுந்தது. மருந்தே நஞ்சோ என்ற ஐயம் எழுந்தது.

காரணத்தை விளக்குவது கடினமன்று. ஆப்ப மாவில் சோடாவைக் கலந்தால் மாவு பொங்குவதேன்? புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயுவாகக் குமிழியிடுவதால். அதே சம்பவம் இரத்தத்திலும் நிகழ்கிறது. பைகார்பனேட் அமிலத்தைத் தின்று கரியமில வாயுவாக மாறுகிறது. அவ்வாயுவை நுரையீரல் உடனுக்குடன் வெளியேற்றிவிட்டால் தொல்லையில்லை. நாடி தளர்ந்து, திசுக்களில் இரத்தம் தேங்கிக் கிடக்கும்போதோ அது எங்கும் போக வழியின்றி, உயிரணுச் சவ்வை எளிதிற் கடந்து உட்புகுந்து அங்கே அமிலமாகிவிடுகிறது. தமனியில் எடுத்த இரத்தத்தின் காகிதத் துண்டு “சீரடைகிறது” என்று நல்வாக்குச் சொல்ல, முன்பே அமிலத்தில் பாதிக்குமேல் விழுங்கிக் கிடக்கும் உயிரணு உள்ளுக்குள் இன்னும் புளிக்கக்கூடும். இதன்மேல், இரத்தத்தில் கட்டற்று உலவும் கால்சியமும் குறைந்து, இருதயத்தின் சுருங்கும் ஆற்றலைக் கெடுக்கிறது.

நாய் சொன்னதை மனிதனிடமும் கேட்டுவிட வேண்டுமென்று 1990 இல் கூப்பர் முதலானோர் 14 நோயாளிகளிடம் செய்த சிறு சோதனை, தன் எளிமையினாலேயே எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு நோயாளிக்கும் பைகார்பனேட்டும் உப்புநீரும் ஒன்றன்பின் ஒன்றாக, எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கினாற்போல் தீர்மானித்துக் கொடுத்தார்கள். பைகார்பனேட் பி.எச். அளவை 7.22 இலிருந்து 7.36 ஆக அழகாய் உயர்த்தியது; கரியமில வாயுவும் உயர்ந்தது, கால்சியம் தாழ்ந்தது; இருதயம் வெளித்தள்ளும் இரத்தமோ, பைகார்பனேட்டால் எவ்வளவு கூடிற்றோ அவ்வளவே வெறும் உப்புநீராலும் கூடிற்று. நாய்களிற்போல் தீங்கு பெரிதாய்த் தெரியவில்லை, நன்மையும் தெரியவில்லை.

அப்படியானால் கரியமில வாயுவை உண்டாக்காத காரம் வேண்டும் என்று தேடினார்கள். கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் சம பங்காகச் சேர்த்த ‘கார்பிகார்ப்’ என்ற கலவை நாய்களில் நன்றாகவே நடந்துகொண்டது. மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. வேறு சிலர் கொள்ளியையே இழுக்க முயன்றனர். டைகுளோரோஅசிட்டேட் என்ற பொருள், லாக்டேட்டாகத் தேங்கிவிடும் பைருவேட்டை உயிரணுவின் உலைக்களத்துக்குள் தள்ளும் நொதியின் பூட்டைத் திறந்துவிடுகிறது. நாய்களில் அதன் பலன் நம்பிக்கையூட்டியது. ஆனால் 1992 இல் ஸ்டாக்பூல் முதலானோர் 252 நோயாளிகளில் செய்து வெளியிட்ட சோதனையில், லாக்டேட் குறைந்தது, பி.எச். உயர்ந்தது, பிழைத்தோர் தொகை மட்டும் மாறவில்லை. லாக்டேட், நோயின் நெருப்பன்று, புகையே என்று அதுவரை வாய்வார்த்தையாகச் சொல்லிவந்தவர்களுக்கு ஓர் எண் கிடைத்தது.

இன்னொரு வழி முதற்பார்வைக்குத் தலைகீழாகத் தோன்றுவது. உயிரணு தன்னுள் சேரும் ஹைட்ரஜன் அயனியை வெளித்தள்ளி, பதிலுக்கு சோடியத்தை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு வாயில் வைத்திருக்கிறது. அமிலம் பெருகியபோது அவ்வாயில் மிதமிஞ்சி உழைத்து சோடியத்தைக் குவிக்க, அந்த சோடியத்துக்கு மாற்றாகக் கால்சியம் உள்ளே வந்து நிறைந்து அணுவையே சிதைக்கிறது. ஆகவே அமிலம் வெளியேறும் வாயிலை அடைத்தால் நன்மை! சாபிபோரைட் என்ற அத்தகைய மருந்து, லாக்டிக் அமிலம் செலுத்தப்பட்ட பன்றிகளில் இருதயத்தின் செயலைச் சீர்படுத்தி இறப்பையும் குறைத்ததாக 2013 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எனினும் அதே வகையைச் சேர்ந்த காரிபோரைடை, இருதய அறுவைக்கு உட்பட்ட 5,000 பேருக்கு மேற்பட்டோரிடம் முன்னரே சோதித்தபோது, மாரடைப்பு குறைந்தும், பக்கவாதமும் இறப்பும் மிகுந்தன. பன்றியின் அறையில் சிலமணி நேரத்தில் முடிந்துவிடும் கதைக்கும், மனிதன் வீடு திரும்பும்வரை நீளும் கதைக்கும் இடையில் எத்தனையோ அத்தியாயங்கள் இருக்கின்றன.

சோடியம் பைகார்பனேட்டின் வழக்கை மீண்டும் விசாரித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பி.எச். 7.20 அல்லது அதற்குக் கீழிருந்த 389 பேரைக் கொண்ட அவர்களது சோதனை 2018 இல் வெளிவந்தது. மொத்தத்தில் பயனில்லை, ஆனால் சிறுநீரகமும் பழுதானவர்களிடத்து இறப்பு குறைவாய்த் தென்பட்டது. அவ்வகையினரை மட்டும் தேர்ந்து செய்து 2025 இல் வெளியிட்ட அடுத்த சோதனையில் அந்த உயிர்ப்பயன் மறைந்துவிட்டது. டயாலிசிஸ் தேவைப்பட்டோர் மட்டும் குறைந்தார்கள். டயாலிசிஸைத் தொடங்குவதா என்று தீர்மானிக்கும் அளவைகளுள் இரத்தத்தின் பி.எச். தானும் ஒன்றாதலால், சோடா சிறுநீரகத்தைக் காத்ததா அன்றிக் காகிதத் துண்டிலுள்ள எண்ணைக் காத்ததா என்று ஒருவர் கேட்கலாம். ஆயினும் கழுத்துச் சிரையில் தடித்த குழாயைச் செருகி, நாட்கணக்காக யந்திரத்தோடு பிணைந்து கிடப்பதிலிருந்து தப்பியது நோயாளிக்கு மெய்யான லாபமே. அது, சில மணி நேரமே மேசைமேல் உறங்கும் பன்றியிடத்து அளந்தறியக்கூடியதன்று.